பிள்ளையின் கை பழக வீடே பள்ளிக்கூடம்

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி எப்போது நல்ல பலன் தரும்?
தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய செய்தி



பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பொழுது விடிந்ததும் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வீடு குழித்தறி. கணவர் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தால், மனைவி பக்கத்தில் தார் சுற்றுவார். இரண்டு பேர் கையும் ஓடினால்தான் சேலை இறங்கும், கூலி கைக்கு வரும். கைப்பழக்கத்தின் அருமை நெசவாளர் குடும்பத்துக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கை சரியாக வரவில்லை என்றால் பெற்றவர்கள் மனசு என்ன பாடுபடும்! சோற்றை எடுத்து வாயில் வைக்க முடியவில்லை. சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. சிலேட்டுக் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. "இவன் காலம் எப்படிப் போகும்?" என்ற கவலை தாய்க்கு. "ஆஸ்பத்திரிக்கு அலைகிற நாளெல்லாம் தறி நிற்கிறதே!" என்ற கவலை தகப்பனுக்கு. இரண்டு கவலையுமே நியாயமானவை.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சிகிச்சை இருக்கிறது. அது ஊசியும் அல்ல, மாத்திரையும் அல்ல. சில வீடுகளில் அது நல்ல பலன் தருகிறது. சில வீடுகளில் மாதக்கணக்காக அலைந்தும் பலன் இல்லாமல் போகிறது. இந்த வித்தியாசம் எதனால் வருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும், "ஏதோ தொழில் கற்றுக் கொடுப்பார்கள் போலிருக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை, செயல்வழிச் சிகிச்சை என்று பலவிதமாக எழுதுவதால் இந்தக் குழப்பம் வருகிறது. பிள்ளையைத் தறியில் உட்கார வைப்பதற்கான பயிற்சி அல்ல இது. பிள்ளைக்கு என்ன தொழில்? சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது, கக்கூசுக்குப் போய்வருவது, விளையாடுவது, எழுதுவது, நாலு பிள்ளைகளோடு சேர்ந்து பழகுவது. இவைதான் பிள்ளையின் தொழில். இவற்றைத் தானாகச் செய்துகொள்ளப் பழக்குவதே இந்தச் சிகிச்சை.

நடக்க, நிற்க, தசைக்குப் பலம் ஏற்ற உதவுபவர் பிசியோதெரபிஸ்ட். அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பல பிள்ளைகளுக்கு இருவரின் உதவியும் வேண்டியிருக்கும்.

இது நேற்று வந்த புது வைத்தியமும் அல்ல. 1950-ஆம் ஆண்டிலேயே பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கென்று ஒரு பள்ளியைக் கமலா நிம்ப்கர் அம்மையார் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்த நாட்டையே தம் நாடாக்கிக்கொண்டவர் அவர்.

எந்தப் பிள்ளைகளுக்கு இது உதவும்?

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு உதவும். குறைமாதத்தில் பிறந்து வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகளுக்கும், எழுதுவதில் ரொம்பச் சிரமப்படும் பிள்ளைகளுக்கும் உதவும்.

கீழே கண்ட அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்:

• ஒரு வயதுக்கு முன்பே, எதை எடுப்பதானாலும் ஒரே கையை மட்டும் நீட்டுவது. மற்றக் கையை மூடியே வைத்திருப்பது.
• 9 மாதம் ஆகியும் உட்காராதது.
• ஒரு வயது ஆகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதது.
• 18 மாதம் ஆகியும் நடக்காதது.
• உடம்பு கட்டை போல விறைப்பாக, அல்லது துணி போலத் துவண்டு இருப்பது.
• வந்த பேச்சோ, பழகிய காரியமோ எந்த வயதிலாவது திரும்பிப் போய்விடுவது.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு, தானா சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு அப்படிச் சரியாவதும் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளைக்குத் தானாகச் சரியாகும் என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. காட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டால் நஷ்டம் ஏதுமில்லை. காட்டாமல் விட்டால் மூளை வேகமாகப் பழகும் முதல் சில வருஷங்கள் வீணாகிவிடும்.

ஓர் உதாரணக் குடும்பம்

பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் நடந்ததுபோல் இங்கே சேர்த்துச் சொல்கிறோம்.

கணவன், மனைவி, கணவனின் தாயார், ஐந்து வயதுப் பையன். பிறந்தபோது பையன் அழவில்லை. மூச்சு வரத் தாமதமாயிற்று. வலது கையும் வலது காலும் கொஞ்சம் விறைப்பு. விந்தி விந்தி நடப்பான். நன்றாகப் பேசுவான். ஆனால் சாப்பாடு மட்டும் அம்மா ஊட்டினால்தான். இடது கையால் இட்லியைத் தொட்டால் ஆயா தட்டிவிடுவார்: "சீ! அது பீச்சாங்கை. அதுல சாப்பிடக் கூடாது!"

வருகிற ஜூன் மாதம் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். நம் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு உண்டு; 2022 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டியும் உண்டு. சாப்பாடு இருக்கிறது, ஊட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? மற்றப் பிள்ளைகள் சாப்பிடும்போது இவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானோ என்று தாய்க்கு ராத்திரி தூக்கம் இல்லை.

தெரபிக்குப் போக ஆரம்பித்து மூன்று மாதம். அங்கே கையை நீட்டி மடக்கிவிட்டார்கள். பாசிமணி கோக்கச் சொன்னார்கள். வாரம் ஒரு நாள் பஸ் ஏறிப் போவதும் வருவதுமாக ஆயிற்று. ஒரு நாள் கணவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்:

"ஏம்மா, வாரத்துல ஒரு நாள் தறி நிக்குது. கூலியும் போவுது, பஸ் காசும் போவுது. அங்க போயி மணி கோக்குறான். வீட்டுக்கு வந்தா பழையபடி நீதான் ஊட்டுற. என்னாத்துக்கு இந்த அலைச்சல்?"

"என்னாங்க இப்படிச் சொல்றீங்க? நிறுத்திட்டா புள்ள கதி?"

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே போனார்கள். கணவன் மனசில் இருந்ததை ஒளிக்காமல் தெரபிஸ்ட் அம்மாவிடம் கேட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீங்க கேக்குறது சரிதாங்க ஐயா. நான்தான் முதல்லயே உங்களக் கேட்டிருக்கணும். உங்க வீட்டுல இப்ப எது ரொம்பக் கஷ்டமா இருக்கு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

தாய் உடனே சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல அவனே சாப்பிடணுங்க மேடம். அது போதும்."

"தம்பி, உனக்கு என்னா வேணும்?" என்று பையனையும் கேட்டார். "இட்லிய நானே பிச்சுத் தின்னணும்" என்றான் பையன்.

அன்றைக்குப் பாசிமணியை எடுத்து வைத்துவிட்டு, அவர்கள் கொண்டுபோன இட்லி டப்பாவையே திறக்கச் சொன்னார் அந்த அம்மா. அந்த வீட்டுக்குச் சிகிச்சை உண்மையில் தொடங்கியது அன்றைக்குத்தான்.

வீட்டில் செய்ய அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். பையன் உட்காரச் சின்ன முக்காலி; கால் தொங்காமல் இருக்கக் காலடியில் இரண்டு செங்கல். தட்டு வைக்கும் பலகை அவன் முழங்கை உயரத்துக்கு. விளிம்பு உயர்ந்த தட்டு. அது நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. இடது கை இட்லியை எடுத்து வாயில் வைக்கட்டும். வலது கை சும்மா மடியில் கிடக்கக் கூடாது. தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது துணைக் கையின் வேலை. முதலில் அம்மா பிய்த்துப் போட்ட துண்டுகள். பழகியதும் இரண்டு கையும் சேர்ந்து பிய்ப்பது. சாம்பாரும் சோறும் கடைசியில்.

"இடது கையிலா?" என்று ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகள் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த முறை போகும்போது மாமியாரையும் அழைத்துப் போனாள். தெரபிஸ்ட் அம்மா ஆயாவிடம் பக்குவமாகச் சொன்னார்: "அவன் வலது கைய மறந்துடக் கூடாதுன்னுதாம்மா அதுக்கும் ஒரு வேலை குடுத்திருக்கேன். ஆனா அந்தக் கை சோத்தப் பிசைஞ்சு எடுக்குற வரைக்கும் புள்ள பட்டினி கெடக்கணுமா?" ஆயா பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, தட்டுக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டவர் ஆயாதான். "பசி ஆத்துற கை எதுவானாலும் சோத்துக்கைதான், போ!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. முதல் வாரம் பாதி இட்லி தரையில். மூன்றாவது வாரம் முகூர்த்தச் சேலை அவசரம். பத்து நாள் பயிற்சியே நடக்கவில்லை. அடுத்த முறை போனபோது "தினமும் செஞ்சோம்" என்று பொய் சொல்லத் தாய்க்கு நாக்கு வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். "ராத்திரி நேரம் உங்களுக்கு ஒத்துவராதுன்னு தெரியுது. காலையில பண்ணலாமா? ஐயா தறியில இறங்குறதுக்கு முன்னாடி அவரே பக்கத்துல உட்காரட்டும்" என்றார் தெரபிஸ்ட் அம்மா. அந்த ஏற்பாடு நிலைத்தது.

இரண்டு மாதம் முடிந்தபோது பையன் மூன்று இட்லியைத் தானே பிய்த்துச் சாப்பிட்டான். ரசம் சோறு இன்னும் வரவில்லை. விந்தி நடப்பதும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதத்தை நினைத்துத் தாய் இப்போது பயப்படுவதில்லை.

சிகிச்சை பலன் தர ஏழு வழிகள்

முதல் மூன்று மாதம் வராத பலன் அடுத்த இரண்டு மாதத்தில் எப்படி வந்தது? அதே பிள்ளை, அதே தெரபிஸ்ட். மாறியது வழிதான். 2019-ல் நோவாக், ஹோனன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சிகிச்சை பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பிள்ளையும் குடும்பமும் விரும்பும் இலக்கு, நிஜக் காரியத்திலேயே பழக்கம், வீட்டில் பயிற்சி, பெற்றோருக்கு வழிகாட்டல் ஆகியவை உள்ள முறைகளே நன்றாகப் பலன் தருகின்றன என்று அதில் தெரிந்தது. அதைத்தான் நம் வீடுகளுக்குப் பொருந்தும்படி ஏழாகச் சொல்கிறோம்.

1. ஒரே ஒரு இலக்கு. "கை நல்லா வரணும்" என்பது இலக்கு அல்ல. "டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்கணும்" என்பது இலக்கு. அதைப் பெற்றவர்களும் பிள்ளையும் தெரபிஸ்ட்டும் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். பிள்ளைக்கே ஆசை உள்ள காரியமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. எது வரணுமோ அதையே பழக வேண்டும். மணி கோத்தால் மணி கோக்க வரும். இட்லி சாப்பிட வராது. கையை மற்றவர் பிடித்து நீட்டி மடக்கிவிடுவது மட்டும் போதாது. நீங்கள் நெசவு கற்றது எப்படி? பக்கத்தில் நின்று பார்த்தா கற்றீர்கள்? நாடாவைக் கையில் எடுத்து, மிதியில் கால் வைத்து, தப்பும் தவறுமாக ஓட்டித்தானே கற்றீர்கள்? பிள்ளையும் அப்படித்தான்.

3. காரியத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். நிஜார் போடக் கற்றுத் தருவதானால் கடைசிப் படியிலிருந்து தொடங்கலாம். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள். கடைசி இழுப்பை மட்டும் பிள்ளை இழுக்கட்டும். "நானே போட்டேன்!" என்ற சந்தோஷம் அவனுக்குத்தான். அடுத்த வாரம் தொடையிலிருந்து, அதற்கடுத்து முழங்காலிலிருந்து. ரொம்பச் சுலபமாக இருந்தால் பிள்ளைக்குச் சலித்துப் போகும். ரொம்பக் கஷ்டமானால் அழும். இரண்டுக்கும் நடுவே நிறுத்த வேண்டும்.

4. உட்காரும் முறை சரியாக இருக்க வேண்டும். தறியில் உட்காரும் பலகை ஏற்ற இறக்கமாக இருந்தால் உங்களுக்கே நாடா ஒழுங்காக ஓடாது. பிள்ளைக்கும் அப்படியே. காலுக்கு ஊன்றுகோள் வேண்டும், முதுகு சாயாமல் இருக்க வேண்டும், பலகை முழங்கை உயரம் இருக்க வேண்டும். உடம்பு ஆடினால் கை பழகாது. விலை உயர்ந்த நாற்காலி தேவையில்லை. செங்கல்லும் பலகையும் பழைய தலையணையும் பல வீடுகளில் போதும். எப்படி வைப்பது என்று தெரபிஸ்ட்டிடம் கேட்டு வையுங்கள்.

5. தினமும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் செய்வதைவிட, தினம் கால் மணி நேரம் மேல். ஆஸ்திரேலியாவில் மூளை முடக்குவாதம் உள்ள 36 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2009-ல் அது வெளியாயிற்று. தெரபிஸ்ட் வகுத்துத் தந்த பயிற்சியை 8 வாரம் வீட்டில் செய்த பிள்ளைகள், செய்யாதவர்களைவிட நல்ல முன்னேற்றம் கண்டார்கள். அந்தப் பெற்றோர்கள் செய்தது எவ்வளவு தெரியுமா? சராசரியாக மாதத்தில் 17 அல்லது 18 தடவை. ஒவ்வொரு தடவையும் 16, 17 நிமிஷம். அவ்வளவுதான்! நம் வீட்டிலும் முடியக் கூடியதுதானே? சாப்பாடு, குளியல், துணி மாற்றுவது என்று எப்படியும் நடக்கிற நேரத்திலேயே பயிற்சியைச் சேர்த்துவிட்டால் தனியாக நேரம் தேட வேண்டாம்.

6. வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அம்மா "நீயே சாப்பிடு" என்று சொல்லி, ஆயா இரக்கப்பட்டு ஊட்டி, அப்பா அவசரத்தில் திட்டினால் பிள்ளை எதைப் பழகும்? தகப்பன்மார் கவனிக்கவும்: இது பெண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது பயிற்சி உங்கள் கையில் நடக்கட்டும். அங்கன்வாடி ஆசிரியைக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சொல்லி வையுங்கள்.

7. கணக்குப் பார்க்க வேண்டும். சுவர்க் காலண்டரில் பயிற்சி செய்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். தானாகச் செய்த நாளுக்கு ஒரு வட்டம். எட்டு வாரம் ஆனதும் தெரபிஸ்ட்டுடன் உட்கார்ந்து பாருங்கள். முன்னேற்றம் இருந்தால் அடுத்த இலக்கு. இல்லையென்றால் பிள்ளை மேல் பழி போடாமல் முறையை மாற்றக் கேளுங்கள். செல்போனில் ஒரு நிமிஷப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவதும் ரொம்ப உதவும்.

மொத்தத்தில் சொன்னால், தெரபிஸ்ட் தருவது பாவு. வீட்டில் நீங்கள் தினமும் ஓட்டுவது ஊடை. பாவு எவ்வளவு நல்ல பட்டானாலும் ஊடை ஓடாமல் சேலை ஆகுமா? நடுவில் ஓர் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிவீர்களா? முடிந்துவிட்டு மேலே நெய்வீர்கள். அதுபோல, காய்ச்சலோ வேலை அவசரமோ வந்து பத்து நாள் பயிற்சி நின்றுபோனால் மனம் தளராமல் மறுபடி தொடங்குங்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பாடுபட்டு வருகிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் அவர்களே கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். அங்கே ஊர்ப்புறத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு தேடி அனுப்புகிறார்கள். அவர்கள் பிள்ளைக்குப் பயிற்சி தருவதோடு நிற்பதில்லை. தாய்தகப்பனுக்கும் அதைக் கற்றுத் தருகிறார்கள். பின்னால் இருந்து தெரபிஸ்ட்டுகள் வழிகாட்டுகிறார்கள். ஊருக்கு ஊர் தெரபிஸ்ட் இல்லாத குறையை இப்படியும் ஈடுசெய்யலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி.

செய்யக் கூடாதவை

• நல்ல கையைக் கட்டிப்போட்டு, வராத கையை வேலை வாங்குவதை நீங்களாகச் செய்யாதீர்கள். நல்ல கைக்கு உறை போட்டுப் பழக்கும் முறை ஒன்று உண்டு. அது சில பிள்ளைகளுக்கு, அளவான நேரத்துக்கு, தெரபிஸ்ட் பார்வையில் செய்வது.
• படுக்க வைத்து ஊட்டாதீர்கள். புரையேறி மூச்சு அடைக்கும். சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ புரையேறினாலோ முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.
• வலிப்பு மாத்திரையை, "தெரபி நடக்குதே" என்று நிறுத்திவிடாதீர்கள்.
• அடிப்பது, பரிகாசம் செய்வது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது கூடவே கூடாது.
• "கை பழகட்டும்" என்று பிள்ளையைத் தறி வேலைக்கு வைக்காதீர்கள். வெறும் தார்க் குச்சிகளை டப்பாவில் போட்டு விளையாடட்டும், அது விளையாட்டு. வேலை வேறு. 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு வைப்பது எந்தத் தொழிலிலும் சட்டப்படி குற்றம்.

தாய்தகப்பன் கேட்கும் கேள்விகள்

கேள்வி: எத்தனை மாதத்தில் முழுசாகக் குணமாகும்?
பதில்: மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்றவை மருந்தால் மறைந்துவிடும் நோய்கள் அல்ல. இந்தச் சிகிச்சை நோயை எடுத்துவிடாது. பிள்ளை செய்யக் கூடிய காரியங்களை ஒவ்வொன்றாகக் கூட்டும். "இத்தனை நாளில் பூரண குணம்" என்று யாராவது வாக்குக் கொடுத்துப் பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

கேள்வி: எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகாதா?
பதில்: இதமாகத் தேய்ப்பதில் தோஷமில்லை, பிள்ளைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அதனால் மட்டும் கை வேலை கற்றுக்கொள்ளாது. முரட்டுத்தனமாக இழுத்து உருவினால் எலும்புக்கும் மூட்டுக்கும் கேடு.

கேள்வி: எங்கள் பிள்ளைக்குக் கை கால் நன்றாக இருக்கிறது; ஆட்டிசம் என்கிறார்கள். தலை சீவினால் கத்துகிறான், புதுச் சட்டையைக் கழற்றி எறிகிறான். அவனுக்கும் இதுவா?
பதில்: ஆம். அது அடம் அல்ல. சில சத்தமும் சில தொடு உணர்ச்சியும் அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்க முடிவதில்லை. என்ன தொந்தரவு என்று கண்டுபிடித்து, அதைக் குறைத்து, தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை என்று பழக்குவார்கள். அங்கேயும் ஒரே இலக்கு, சின்னப் படி, தினமும் பயிற்சி என்பதுதான் வழி.

கேள்வி: இது யார் செய்த பாவம்? என் மனைவி கிரகணத்தில் வெளியே வந்ததால் என்கிறார்கள்.
பதில்: கிரகணமும் காரணமல்ல, உங்கள் மனைவியும் காரணமல்ல. பிறக்கும்போது மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், பிறவியிலேயே வரும் மாறுதல்கள் எனப் பல காரணங்கள் உண்டு. பல சமயம் காரணமே தெரிவதில்லை. ஒருவரை ஒருவர் குறை சொல்லும் நேரத்தில் பிள்ளையின் பயிற்சியை முடித்துவிடலாம்.

எங்கே போவது?

முதலில் உங்கள் அங்கன்வாடி ஆசிரியையிடமோ சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். அல்லது அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கிறார்கள். மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். குறை தெரிந்தால், இலவச சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் ஒளித்து வைக்காதீர்கள்.

பல குறைகள் சேர்ந்துள்ள பிள்ளைகளுக்காகச் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் நடந்துவருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை உண்டு.

பள்ளி வயதுப் பிள்ளையானால் தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் பற்றிக் கேளுங்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

முதல் முறை தெரபிஸ்ட்டைப் பார்க்கும்போது இந்த மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்:

"எங்க புள்ளைக்கு இப்ப முதல் இலக்கு எது?"
"அதுக்கு வீட்டுல தினமும் நாங்க என்ன செய்யணும்? ஒரு தடவை எங்க கையாலயே செஞ்சு காட்டுறோம், பாருங்க."
"பலன் இருக்கா இல்லையான்னு எப்ப, எப்படிப் பார்ப்போம்?"

இந்த மூன்றுக்கும் பதிலோடு வீடு திரும்பினால், அன்றைக்குத் தறி நின்ற கூலி வீண்போகவில்லை.

நினைவில் வையுங்கள்

சந்தேகம் வந்தால் உடனே காட்டுங்கள்.
ஒரு இலக்கு, சின்னப் படி, தினம் கால் மணி நேரம்.
தாயும் தகப்பனும் முறை வைத்துச் செய்யுங்கள்.
நின்றுபோனால் மறுபடி தொடங்குங்கள்.
பிள்ளை தானே செய்யக் கூடியதை நீங்கள் செய்துவிடாதீர்கள். கொஞ்சம் சிந்தட்டும், கொஞ்சம் நேரம் ஆகட்டும். பொறுத்திருங்கள்.

நாளைக் காலை பிள்ளை சாப்பிட உட்காரும்போது, காலடியில் இரண்டு செங்கல் வைத்துப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.